நாயின் வாய் நாற்றம்: ஒன்பது வயதில் இது இயல்புதானா?

கொசப்பேட்டை தையற்காரி | ஜூன் 3

வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் வீட்டு முன்கூடத்திலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வெள்ளச்சிக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. வெள்ளை முடி, கூர்மூக்கு, முதுகின்மேல் சுருண்ட வால். தெருவில் எல்லோரும் பொமரேனியன் என்கிறார்கள். ஊசி அட்டையில் மருத்துவர் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று எழுதியிருக்கிறார். எடை பத்து கிலோ.

அவள் படுப்பது என் தையல் மிஷினுக்கு அடியில்தான். மோட்டார் வைத்த மிஷின் என்பதால் என் வலது காலுக்கு மட்டுமே வேலை. இடது பாதத்தின்மேல் அவள் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். அதனால் அவள் வாயில் வரும் மாற்றம் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

பொங்கலுக்குப் பிறகுதான் நாற்றம் தொடங்கியது. முதலில் மீன் கழுவிய தண்ணீர் போல இருந்தது. இப்போது சாக்கடை மூடியைத் திறந்ததுபோல் வருகிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். பேரன் வரும்போது அவளைப் பின்கட்டில் கட்டிவிடுங்கள் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். வேலூர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ஒன்பது வயது நாயை எப்படிக் கட்டுவது? எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்து பார்த்தவை: தயிர்சாதத்தில் புதினா அரைத்துக் கலந்தேன். பயனில்லை. நாய்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் வாயில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் புதினா வாசனை வந்தது, அதற்குப் பிறகு புதினாவும் சாக்கடையும் சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டு அம்மா உப்பும் அடுப்புக்கரியும் பொடித்துத் தேய்க்கச் சொன்னார். விரலை வைத்ததுமே வெள்ளச்சி அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவள் என் கையை உதறிவிட்டு ஓடியது அதுதான் முதல் தடவை.

சாப்பாடு: காலையில் பாலில் ஊறவைத்த பொறை இரண்டு. மதியம் தயிர்சாதம். இரவில் வேகவைத்த கோழியும் சோறும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து ஆட்டுத் தொடை எலும்பு ஒன்று. அந்த எலும்பை மணிக்கணக்கில் கடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு மாதமாக நக்கிவிட்டு வைத்துவிடுகிறாள். சோறு சாப்பிடும்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து வலப்பக்கத்தாலேயே மெல்லுகிறாள்.

இன்னொன்று. சித்திரை மாதத்தில் இடது கண்ணுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்து உடைந்து சீழ் வடிந்தது. அக்கினி நட்சத்திரச் சூட்டுக்கு வந்த வேனல் கட்டி என்று நினைத்துக் கண்ணுக்குப் போடும் களிம்பு தடவினேன். ஆறிவிட்டது. இப்போது அதே இடம் மறுபடி லேசாக உப்பியிருக்கிறது. வாய்க்கும் அதற்கும் தொடர்பில்லைதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வயதான நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று கேட்கிற எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

பாலாற்றங்கரை | ஜூன் 3

அம்மா, நான் விரிஞ்சிபுரம். எங்கள் நாட்டு நாய்க்கும் போன வருடம் வாய் நாறியது. ஆனால் எங்களுடையது நாலே நாளில் வந்த நாற்றம். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருந்தான். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நான் கையை விடப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். வெறிநோய் கண்ட நாய்க்கும் இப்படித்தான் எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, தாடை தொங்கும். கை போடாதே என்றார். அவர் சொன்னது சரி. மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டுதான் வாயைத் திறந்தார். மேலண்ணத்தில், இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, கோழி எலும்புச் சிம்பு ஒன்று குறுக்கே பாலம்போல் மாட்டியிருந்தது. இடுக்கியால் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாளே நாற்றம் போய்விட்டது.

உங்கள் வெள்ளச்சிக்கு ஐந்து மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது, ஊசியும் போட்டிருக்கிறீர்கள். எனவே இது வேறு என்று நினைக்கிறேன். உதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | ஜூன் 4

அம்மா, நான் கால்நடை ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்தவன். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டு ஊர்கள் பலவற்றிலும் இருந்திருக்கிறேன். மருத்துவர் அல்ல, மருத்துவரின் பக்கத்தில் நின்று நாயைப் பிடித்துக்கொண்டவன். அதனால் வாயைத் திறந்து பார்த்த நாய்கள் எனக்குக் கணக்கில்லை.

முதலில் உங்கள் கடைசிப் பத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குத் தெரிந்தவரையில் நோயே அங்கேதான் இருக்கிறது. நாய்க்கு மேல்வாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய பல் உண்டு. கறியை வெட்டுகிற கத்தரிப் பல். அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்கள் போய் முடிகிற இடம் கண்ணுக்கு நேர் கீழே. பல் உடைந்தோ ஈறு அழுகியோ வேரில் சீழ் கட்டினால், அது வாய்க்குள் வடியாமல் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்கடியில் உடையும். பார்ப்பவர்கள் வேனல் கட்டி என்பார்கள், குளவி கொட்டியது என்பார்கள், பூனை பிராண்டியது என்பார்கள். களிம்புக்கு ஆறும், மாத்திரைக்கும் அடங்கும். வேர் உள்ளே இருக்கும்வரை மறுபடி வரும். இடப்பக்கம் கட்டி, வலப்பக்கத்தால் மெல்லுகிறாள், எலும்பை வைத்துவிடுகிறாள், ஈறில் விரல் பட்டதும் அலறினாள். நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

வயதான நாய்க்கு வாய் நாறும் என்பது உண்மையல்ல. வயதாவது நோயல்ல, நாற்றம்தான் நோயின் அடையாளம். நல்ல வாயுள்ள நாய்க்குப் பதின்மூன்று வயதிலும் சோற்று வாடைதான் இருக்கும், அழுகல் வாடை இருக்காது.

இது எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் ஸ்பிரேயும் புதினாவும் ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின்மேல் ஊத்தை படிகிறது. விரலில் தொட்டால் வழுவழு என்று வருமே, அது. அன்றன்றைக்குத் துடைத்தால் போய்விடும். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணச் சத்தை இழுத்துக்கொண்டு காரையாக இறுகிவிடும். போர் தண்ணீரால் வருகிறது என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தச் சத்து அதன் எச்சிலிலேயே இருக்கிறது. எச்சில் சுரக்கும் குழாய் ஒன்று கன்னத்தின் உள்பக்கம், அந்தக் கத்தரிப் பல்லுக்கு நேரே திறக்கிறது. ஆகவே காரை முதலில் ஏறுவதும் அந்தப் பல்லில்தான். காரை ஈறுக்கு அடியில் இறங்கினால் காற்றுப் படாத இடத்தில் கிருமிகள் பெருகிக் கந்தக வாயுவை விடும். உங்கள் சாக்கடை நாற்றம் அதுதான். மேலே வாசனை அடித்தால் அடியில் இருப்பது எப்படிப் போகும்? சிறிய தாடையில் 42 பற்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சின்ன நாய்களுக்கு இது சீக்கிரம் வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நீண்ட தாடை நாய்களில் இவ்வளவு நெருக்கடி இல்லை.

ஈறு சிவந்து வீங்கிய நிலையில் பிடித்துவிட்டால் முழுதாகத் திரும்பும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் கரைந்ததுதான். அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

உப்பு, கரி இரண்டையும் நிறுத்துங்கள். புண்ணில் உப்பு வைத்தால் அலறாமல் என்ன செய்யும்? உப்பு நிறைய உள்ளே போனால் உடம்புக்கும் கேடு. கிராம்புத் தைலம் வேண்டாம். நாம் தேய்க்கும் பற்பசை கூடவே கூடாது. நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, அத்தனையும் விழுங்கிவிடும். சில பசைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்குச் சிறிதளவு போனாலே இரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி வலிப்பு வரும், ஈரலும் கெடும்.

இன்று மாலை வெளிச்சத்தில், அவள் வாயைத் திறக்க வேண்டாம், மூடியபடியே இருக்கட்டும், இடப்பக்க மேலுதட்டை மட்டும் பின்னோக்கித் தூக்கிப் பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். ஈறின் நிறத்தையும் எழுதுங்கள். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ வேறெதுவோ என்று அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா, இளைத்திருக்கிறாளா என்றும் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட்டால் வாயில் மூத்திர வாடை வரும். சர்க்கரை நோய் முற்றினால் அழுகிய பழம்போல் தித்திப்பான வாடை வரும். இவை பல்லில் தொடங்குவதில்லை.

பேரணாம்பட்டுக்காரன் | ஜூன் 4

ஐயா சொன்ன கந்தக வாயு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இருபது வருடமாக டேனரியில் வேலை. தோலில் மயிர் போக்கச் சுண்ணாம்போடு சல்பைடு போடுவோம். அழுகிய முட்டை நாற்றம் என்பார்களே, அந்த வாயு அதிலிருந்துதான் வரும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, எங்கள் ஊர், எங்கே வளர்ந்தவர்களுக்கும் அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் நாயின் வாயில் ஒருநாள் அதே வாடை வந்தபோது, வேலைச் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்து இரண்டு முறை குளித்துவிட்டு வந்தேன். வாடை போகவில்லை. பிறகுதான் அவன் வாயைப் பார்த்தேன்.

அக்கா, நான் சொல்ல வந்தது வேறு. எலும்பை நிறுத்தினால் கடிக்க என்ன கொடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். யாராவது தோல் துண்டு கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிக் கழிவுத் துண்டுகளை நாய்க்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது குரோம் உப்பில் ஊறிய தோல். சாயம், எண்ணெய், பசை எல்லாம் ஏற்றியது. நாங்கள் கையுறை போட்டுத் தொடுகிற பொருளை நாயின் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது. பதனிடாத பச்சைத் தோலை எலும்பு வடிவில் முறுக்கி நாய்க்கென்றே விற்பது வேறு சரக்கு. அதுகூட ஊறிப் பெரிய துண்டாக விழுங்கினால் தொண்டையிலும் குடலிலும் அடைக்கும். பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

ஆரணி மருமகள் | ஜூன் 5

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் குட்டிக்கு ஐந்து மாதம். அவன் வாயிலும் வாடை வருகிறது, இரும்பு வாடை மாதிரி. நேற்று கடித்துக்கொண்டிருந்த துணியில் இரத்தப் பொட்டு இருந்தது. இந்தத் திரியைப் படித்ததும் பயம் வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | ஜூன் 5

பயப்படாதீர்கள் தாயே. பால்பல் விழுகிற வயது. குட்டிக்கு 28 பால்பற்கள். நாலாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் விழுந்து 42 முளைக்கும். அந்த இரும்பு வாடை இரத்த வாடைதான், தானே போய்விடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏழு மாதத்துக்குப் பிறகு கோரைப்பல் இருக்கும் இடத்தில் இரட்டையாக நின்றால் பால்பல்லை எடுக்க வேண்டியிருக்கும். இப்போதிலிருந்தே உதட்டைத் தூக்க விடுவதற்குப் பழக்குங்கள். குட்டியில் பழகியதை நாய் பெரியதானாலும் மறக்காது.

கொசப்பேட்டை தையற்காரி | ஜூன் 6

ஐயா, பார்த்துவிட்டேன். ஒன்பது வருடம் என் காலடியில் கிடந்தவளின் வாயை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மாலை ஐந்து மணிக்கு வாசல் வெளிச்சத்தில் மகள் அவள் கழுத்தை அணைத்துக்கொண்டாள். நான் உதட்டைத் தூக்கினேன். முன்பற்கள் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். கோரைப்பல் அடியில் பழுப்புக் கோடு. அதற்குப் பின்னால் போகப் போக நிறம் கறுத்துக்கொண்டே போகிறது. நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பல்லில், பல்லே தெரியவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் காரை பெயர்ந்து நிற்குமே, அதைப்போல் பச்சையும் பழுப்புமாக ஒரு பொருக்கு மூடியிருக்கிறது. அதன் விளிம்பில் ஈறு வெந்தயக் கீரைத் தண்டின் அடிபோலச் சிவந்து தடித்திருக்கிறது. அங்கே ஒரு முடி, அவளுடைய முடிதான், பொருக்குக்கும் ஈறுக்கும் நடுவே செருகியிருந்தது. அதை மெதுவாக இழுத்தேன். அதோடு சீழும் ஒரு சொட்டு இரத்தமும் வந்தன. நாற்றம் கைக்கு ஏறி, மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. வலப்பக்கம் பொருக்கு இதில் கால்பங்குதான்.

மற்ற இடங்களில் ஈறு நல்ல ரோஜா நிறம். தண்ணீர் எப்போதும்போல்தான் குடிக்கிறாள். இளைக்கவில்லை.

இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டினேன். பல் எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றார். ஒன்பது வயதில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பாளா ஐயா? மயக்கம் கொடுக்காமலே கையால் சுரண்டித் தருகிறோம் என்று வேறு ஓர் இடத்தில் சொல்கிறார்கள். அது போதாதா? இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | ஜூன் 6

அந்தப் பயம் நியாயமானது. நான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் வருடங்களில் எனக்கும் இருந்தது. ஆனால் கையால் சுரண்டுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். விழித்திருக்கும் நாயின் பல்லில், வெளியே தெரிகிற பொருக்கைத்தான் பெயர்க்க முடியும். பல் வெள்ளையாகும், உங்களுக்கும் மனம் ஆறும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே கருவியை விட்டால் எந்த நாயும் பொறுக்காது. உங்கள் வெள்ளச்சிக்கு வேரிலேயே சீழ். அதை எப்படிச் சுரண்டுவது?

மயக்க மருந்துக்கு முன்பு என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தப் பரிசோதனை செய்வார்களா, அதில் சிறுநீரகமும் ஈரலும் பார்ப்பார்களா? இதயத்தைக் கேட்டுப் பார்ப்பார்களா? நரம்பில் குளுக்கோஸோ உப்பு நீரோ ஏற்றிக்கொண்டே செய்வார்களா? மூச்சுக்குழலில் குழாய் வைப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். காரையை உடைக்கும்போது தண்ணீர் பீய்ச்சுவார்கள். குழாய் இருந்தால்தான் அந்த அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்காது. பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா என்றும் கேளுங்கள். இவ்வளவுக்கும் ஆம் என்று சொல்கிற இடம் என்றால் ஒன்பது வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாள்தோறும் சீழை விழுங்கிக்கொண்டிருப்பதுதான் அவள் உடம்புக்கு அதிக ஆபத்து.

உள்ளூரில் அமையவில்லை என்றால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி 1903-இல் தொடங்கியது. வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் அளவில் வரும். அதிகாலையில் கார் பிடித்து வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போனால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். முன் இரவிலிருந்து சாப்பாடு வேண்டாம். தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எலும்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டும். நகம் இறங்காத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாது. தொடை எலும்பில் எங்கே நகம் இறங்கும்? வேகவைத்த எலும்பு சிம்பாக உடையும், பச்சை எலும்பு பல்லை உடைக்கும். விருந்து வீட்டுப் பிரியாணி மிச்சத்தையும் போடாதீர்கள். ஆம்பூர்ப் பிரியாணி நமக்கு அமிர்தம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பேரணாம்பட்டுக்காரன் | ஜூன் 7

அக்கா, என் நாய்க்குப் பதினோரு வயதில் நாலு பல் எடுத்தார்கள். சாயங்காலமே எழுந்து தள்ளாடி நடந்தான். மூன்றாம் நாள் சோற்றுக்குக் குரைத்தான். தைரியமாகப் போய்வாருங்கள். துஆ செய்கிறேன்.

கொசப்பேட்டை தையற்காரி | ஜூலை 19

எல்லோருக்கும் வணக்கம். உடனே எழுத முடியவில்லை. ஆடி மாதத்துக்கு முன்பே வளைகாப்பு ரவிக்கைகள் குவிந்துவிட்டன.

வெள்ளச்சி நன்றாக இருக்கிறாள். இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் வரவில்லை. ஐயா சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன பிறகே சம்மதித்தேன். வேப்பேரியில்தான் செய்தோம். இடப்பக்கத்துப் பெரிய பல்லும், ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் இரண்டும் எடுத்தார்கள். மற்றவற்றைச் சுத்தம் செய்து மெருகேற்றினார்கள். அந்தப் பெரிய பல்லை மூன்று துண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்ததாம், வேருக்கு ஒரு துண்டாக. கேட்டு வாங்கி வந்தேன். பொருக்கை நீக்கிய பிறகு பார்த்தால் பல்லின் வெளிப்பக்கம் பாக்குவெட்டியால் சீவியதுபோல ஒரே சீராகச் சீவிப் போயிருக்கிறது. உள்ளே கரும்புள்ளி ஒன்று. நரம்பு இருந்த துளை அதுதான் என்றார் மருத்துவர். கடினமான எலும்பைக் கடித்தால் இப்படித்தான் உடையும் என்றார். வாரம் தவறாமல் ஆசையாக வாங்கிவந்து கொடுத்தவள் நான். அந்தப் பல்லை ஒரு பட்டுத்துணி மடிப்பில் வைத்திருக்கிறேன். நாய் வளர்க்கும் யாராவது கடைக்கு வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இரண்டு வாரம் குழையக் குழையச் சோறும் கோழியும் பிசைந்து கொடுத்தேன். கண்ணுக்கடியில் இருந்த உப்பல் வற்றிவிட்டது. நாற்றம் இல்லை. பேரன் வந்து பத்து நாள் இருந்தான். அவளும் கூடத்திலேயே இருந்தாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பல் துலக்கப் பழக்குகிறேன். பிரஷ்ஷைக் கண்டாலே ஓடுகிறாள். அதனால் ரவிக்கைக்கு உள்துணியாக வைக்கும் பருத்தி லைனிங்கில் மிஞ்சிய துண்டுகளை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்திருக்கிறேன். ஒரு துண்டை ஆட்காட்டி விரலில் சுற்றி, நாய்க்கென்று விற்கும் கோழிக்கறி மணமுள்ள பசையைத் தொட்டு, வாயை மூடியபடி பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்க்கிறேன். ஒவ்வொரு நாளும் புதிய துண்டு. முதல் நாள் துணியில் வந்த மஞ்சள் இப்போது வருவதில்லை. வலப்பக்கம் முப்பது எண்ணும்வரை நிற்கிறாள். இடப்பக்கம், தையல் போட்ட இடம் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லியும், விரல் அருகில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பலவந்தம் செய்ய எனக்கு மனமில்லை. எப்படிப் பழக்குவது ஐயா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | ஜூலை 20

படித்து மனம் நிறைந்தது அம்மா. லைனிங் துணி மிக நல்ல யோசனை. தேய்க்கும்போது விரல் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை அவள் நாக்கே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.

இடப்பக்கத்துக்குத் துணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒரு வாரம், இடது கன்னத்தை வெளியிலிருந்து தடவிக்கொடுப்பது மட்டும். மிஷினுக்கு அடியில் படுத்திருக்கும்போதே செய்யுங்கள், அதுதான் அவளுக்கு நம்பிக்கையான இடம். தடவியதும் ஒரு சின்னத் துண்டு கோழி. அடுத்த வாரம் உப்பும் வெங்காயமும் போடாத கோழி வெந்த தண்ணீரில் விரலை நனைத்து, உதட்டின் ஓரத்தில் வையுங்கள். அவளாக நக்கட்டும். மூன்றாம் வாரம் அதே விரல் உதட்டுக்கு உள்ளே, ஒரு நொடி. திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள், மறுநாள் முந்திய படியிலிருந்து தொடங்குங்கள். வலி இருந்த இடம் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. இப்போது வலிக்காது என்பதை அவள் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகலாம்.

வலப்பக்கத்தை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். இனி அவள் மெல்ல வேண்டிய பெரிய பல் அங்கேதான் இருக்கிறது.